ஒத்திகை, செவ்வாய் காலை

பத்து இருபதுக்குச் சைரன் ஊதும் என்று
நேற்றே எல்லோருக்கும் தெரியும்.
ஆகவே பத்து பத்துக்கே
பாதிப்பேர் தேநீர்க் கோப்பையோடு வாசலில்.

புதுக்கடைக் குன்றில் எங்கள் கட்டடத்துக்கு
மூன்று மாடி, ஐந்து மன்று, ஒரேயொரு ஸ்கேனர்.
அது படுத்துவிடும் நாட்களில்
சார்ஜன்ட் விதானகே பைகளைக் கையால் தூக்கிப் பார்த்து
பாரத்தைக் கொண்டு பாவத்தை அளப்பார்.
கறுப்புக் கோட்டுகளைத் தொட மட்டும் அவருக்குக் கை கூசும்.
ஒரு சலாம், போகலாம்.
இனிமேல் கோட்டுகளும் கையைத் தூக்க வேண்டுமாம்:
புதிய திட்டம், பக்கம் மூன்று.
சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவர்
முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக
பையிலிருந்ததை வெளியே எடுத்து வைத்தார்:
மூக்குக்கண்ணாடி, இரண்டு இஞ்சித் தோசி,
கடதாசியில் சுற்றிய ஒரு பாற்பல்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் மொழிபெயர்ப்பாளர்.
முதலியார் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்கள்,
சேலை கட்டியிருந்தாலும்.
எனக்குத் தந்த வேலை ஒலிபெருக்கியின் தமிழ்.
சிங்களத்தில் இரண்டு சொல். எனக்கு இரண்டு நாள்.
‘வெளியேறுக’ என்று எழுதினேன்.
வாடகை வீட்டு வழக்குகளில்
தோற்றவர் முகத்தைப் பார்க்காமல்
நூறு தடவை நானே சொன்ன சொல்.
‘வெளிக்கிடுங்கோ’ என்று எழுதினேன்.
கலியாணத்துக்கும் அப்படித்தான் சொல்வோம்.
அம்மா ஓர் இரவு மிக மெதுவாகச் சொன்னதும் அதுதான்,
விளக்கு ஏற்றாமல்.
வெட்டினேன்.
முடிவில்:
ஓடாமல், வரிசையாக, கதவடிக்கு வாருங்கள்.

வாருங்கள் என்றால் அங்கே ஒருவர் நிற்க வேண்டுமே,
யார் என்று பதிவாளரிடம் கேட்டேன்.
பக்கங்களைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார்.
‘நீங்கள்’ என்றார்.

சைரன்.
மூன்றாம் மன்றில் காணி வழக்கு.
நீதிபதி எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள்,
அவர் கதவைத் தாண்டும்வரை ஒருவரும் அசையவில்லை.
பழக்கம்.
மரியாதைக்கு இருபது செக்கன் போகும் என்று
திட்டத்தில் எவரும் எழுதவில்லை.

மஞ்சள் அங்கியோடு நான் வாசலில்.
முதலில் வந்தவ முல்லைத்தீவுச் சாட்சி, மனோரஞ்சிதம்.
செருப்பு கையில்.
அடையாள அட்டை, உறுதி, பிறப்புச் சான்று எல்லாம்
ஒரு பொலித்தீன் பைக்குள், வாய் முடிந்து, மார்போடு.
இரண்டாம் மாடியிலிருந்து ஒரு நிமிடம் பத்து செக்கன்.
மணிக்கூடு பிடித்த உத்தியோகத்தர் சிரித்தபடி கேட்டார்:
‘இவவை யார் பழக்கினது?’
மொழிபெயர்த்தேன்.
அவ ஒன்றும் சொல்லவில்லை.
மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

இருநூற்றுப் பதினெட்டுப் பேர்.
நாலு நிமிடம் முப்பது.
கைதட்டினார்கள். மீன் பணிசும் பிளேன்டீயும் வந்தன.

அப்போதுதான் அவ வாய் திறந்தா:
‘அந்தத் தம்பிமார் எங்க?’
எந்தத் தம்பிமார்?
‘கீழ, கம்பிக்குள்ள.
காலமை விலங்கோட இறக்கினவை. நான் கண்டனான்.’

பதினாலு பேர். விளக்கமறியல் கூண்டு, நிலத்துக்குக் கீழே.
வரைபடத்தை விரித்தோம்.
அந்த இடத்தில் ‘களஞ்சியம்’ என்றிருந்தது.
சிவப்புக் கோடு ஒவ்வோர் அறையாகத் தொட்டு
வாசலுக்கு ஓடியது. அதை மட்டும் தொடவில்லை.
எங்கட ஊரில் நீதிமன்றத்துக்கும்
கோடு என்றுதான் பெயர்.

சாவி பண்டாரவின் இடுப்பில்.
பண்டார எங்களோடு, மரநிழலில், பாதிப் பணிசோடு.
அவனில் பிழை சொல்ல ஏலாது.
அவனும் சைரன் கேட்டுத்தான் வந்தான்.

அவனுக்குப் பின்னால் நானும் படியிறங்கினேன்.
கீழே மூத்திர வாடை, ஒரு மின்குமிழ்.
ஒலிபெருக்கி அங்கேயும் வேலை செய்திருக்கிறது,
இரண்டு மொழியிலும், மிகத் தெளிவாக.
பதினாலு பேரும்
ஓடாமல், வரிசையாக,
கதவடிக்கு வந்து நின்றார்கள்.